உடை என்றால் எந்த உடை?

1. அம்பையில் வந்த போன்

அமலா மேடம் கூப்பிட்டபோது நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேப்பங்கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூறு கன்றுகள் கேட்டிருந்தோம். பண்ணைக்காரர் இருநூற்றுத் தொண்ணூறை வைத்துக்கொண்டு முந்நூறு என்று சாதித்தார். இரண்டாம் முறை எண்ணி முடிப்பதற்குள் போன் அடித்தது.

"சார், எங்க இருக்கீங்க?"

"அம்பையில. கன்னு பாக்கேன்."

"உடனே வாங்க சார்."

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் பொக்லைன் ஓடும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை வளாகத்தில் பொக்லைனுக்கு வேலையே கிடையாது. திங்கட்கிழமை நான் பக்கத்தில் நின்று ஆரம்பிப்பதாகத்தான் ஏற்பாடு.

அமலா மேடம் எங்கள் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். நான் அங்கே எஸ்டேட் பிரிவின் இன்ஜினியர். கட்டடம், தண்ணீர், கரண்டு, தோட்டம் எல்லாம் எங்கள் பொறுப்பு. பசுமை வளாகத் திட்டம் என்று ஒன்று வந்ததிலிருந்து நாங்கள் இருவரும் அதில் சேர்ந்து வேலை பார்த்தோம்.

மத்தியானம் வந்து சேர்ந்தேன். மேற்குப் பக்கக் காலி நிலத்தில் நாற்பத்தொரு உடைமரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மொத்த வளாகத்திலும் தொடக்கூடாது என்று திட்டத்தில் எழுதியிருந்த மரங்கள் அவை மட்டும்தான். அமலா மேடம் ஒரு மரத்தின் பக்கத்தில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் எல்லா மரமும் விழுந்துவிட்டது; ஓடி வந்ததில் செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது போலிருக்கிறது. தரையெல்லாம் முள். நான் சொன்ன பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே பதிவாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஒருத்தன வெளிய அனுப்பியாவணும் வே. பேப்பர்க்காரன் வந்து வாசல்ல நிக்கப் போறான். கிரேடு போடுற கமிட்டி வேற வருது. யாரு வேலைய நடத்துனது? சுடலமுத்துதான?"

"அவருதான் சூப்பர்வைசர் சார். ஆனா என்ன நடந்ததுன்னு..."

"அப்பம் நீரே விசாரிச்சு ரிப்போர்ட் குடும். சீக்கிரம் குடும்."

சுடலைமுத்துவின் வேலை என் ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தேன். சரியாக எழுதினால் காப்பாற்றிவிடலாம் என்றும் நம்பினேன்.

2. எண்ணிக்கை சார்

எஸ்டேட் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பசுமை வளாகம் என்றால் மரம் நடும் விழா என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விழாவுக்குப் பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் தயாராக இருக்கும். நட்ட கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. உண்மையில் முதல் வேலை எண்ணுவது. எத்தனை இருக்கிறது, எத்தனை வீணாகிறது என்று தெரியாமல் எதையும் மிச்சம் பிடிக்க முடியாது.

நான் எண்ணினேன். வளாகத்தில் குழாய்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் சொட்டிக்கொண்டிருந்தவை எழுபத்தொன்று. பிளம்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "குழாய்னா சொட்டத்தான சார் செய்யும்" என்றார். யாரும் இல்லாத வகுப்பில் சுற்றும் மின்விசிறிகளை எண்ணினேன். கேன்டீன் குப்பையில் பேப்பர் கப்புகளை எண்ணினேன். எனக்கு எண்ணிக்கை சார் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். என் காது கேட்கவே சொன்னார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் சொட்டும் குழாய்கள் ஒன்பதாகக் குறைந்தன. விடுதிக் கழிவுநீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்குச் சொட்டுநீர் டிரிப் லைன் போட்டோம். ஆற்றுத் தண்ணீரைப் புல்தரைக்கு இறைப்பது நின்றது.

அடுத்தது மேற்கு நிலம். அங்கே சீமை உடை அடைசலாக வளர்ந்து கிடந்தது. அரசாங்கக் காகிதத்தில் சீமைக்கருவேலம் என்று எழுதுவார்களே, அதே மரம். அதை எடுத்துவிட்டு நல்ல மரம் வைக்க வேண்டும் என்பது திட்டம். முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் நடுவில் வேறு மரங்கள் நிற்பதை அமலா மேடம் கண்டார்.

"சார், இது நம்ம உடை சார். அக்கேசியா பிளானிஃப்ரான்ஸ். இத்தன ஒரே எடத்துல நிக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

உடை இந்த மண்ணின் மரம். புத்தகத்தில் குடைவேல் என்று இருக்கும். தலை தட்டையாக விரித்த குடை மாதிரி இருக்கும். முள் வெள்ளையாக இருக்கும். நெற்று சுருண்டிருக்கும். சீமை உடைக்குத் தலை என்று ஒன்று கிடையாது, போன போக்கில் வளரும். நெற்று நீளமாகத் தொங்கும். உடைக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கோடையில் அதன் அடியில் நின்றால் வெயில் உறைக்காது. நூலகத்துக்குப் போகிற நடைபாதையை அந்த மரங்களின் அடியில் கொண்டுபோகலாம் என்று நான் உடனே மனதில் கோடு போட்டுவிட்டேன். அமலா மேடம் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக்கொண்டே போனார், நான் எண்ணிக்கொண்டே போனேன்.

மரங்களுக்கு நம்பர் போட வட்டத் தகரங்கள் வெட்டினோம். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பசுமைத் திட்டத்தின் விதி. விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால் தகரங்களைக் கயிற்றில் கோத்துக் கிளைகளில் தொங்கவிட்டோம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஆடி முடியும்போது ஒரு தகரம்கூட மரத்தில் இல்லை. திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கும்போது நான் பக்கத்தில் நிற்கப் போகிறேன், அதனால் தகரம் போனால் போகட்டும் என்று விட்டோம்.

3. மலையிலிருந்து இறங்கியவர்

சுடலைமுத்து தோட்ட வேலைக்கு ஏஜென்சி மூலமாக வந்த சூப்பர்வைசர். மணிமுத்தாறுக்கு மேலே மலையில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். தேயிலைச் செடியை வெட்டி மட்டப்படுத்துவதை அங்கே கவாத்து என்பார்கள். அதில் கெட்டிக்காரர். மலையில் வேலை குறைந்ததும் ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு கீழே இறங்கினார். எங்கள் வளாகம்தான் கீழே அவருக்குக் கிடைத்த முதல் வேலை. அவருடைய மனைவிக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. டவுனில் ஒற்றை அறை வீடு. அந்த வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

வந்த புதிதில் ஒருநாள் சொன்னார். "மலையில பச்சையா இருந்தா தேயிலை, ஒசரமா இருந்தா நெழல் மரம். அவ்வளவுதான் சார் எனக்கு. இங்கன என்னென்னமோ நிக்கி. முள்ளு இல்லாத மரமே கெடையாதா சார் ஒங்க ஊர்ல?"

"நாலு மாசம் ஆனா பழகிரும் வே" என்றேன்.

பழகினார். செம்பருத்தி வேலியை அவர் கவாத்து செய்தால் மேலே தண்ணீர் டம்ளரை வைக்கலாம், அசையாது. அவ்வளவு மட்டமாக இருக்கும்.

4. விசாரணை

திங்கட்கிழமை காலையில் சுடலைமுத்து என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சனிக்கிழமை ஏன் வே வேலய ஆரம்பிச்சீரு?"

"பதிவாளர் அய்யா வண்டிய நிப்பாட்டிச் சொன்னாவ சார். 'ஏலே சுடல, பொக்லைன் சும்மா நிக்கி, இன்னைக்கே ஆரம்பிச்சிரு. கமிட்டி தேதிய முன்னால தள்ளிட்டான். இந்த உடை ஒண்ணுகூட நிக்கக் கூடாது'ன்னாவ. மாட்டேம்னு சொல்ல முடியுமா சார்?"

"அவரு சொன்னது சீமை உடைய."

"உடைன்னுதான் சொன்னாவ."

"சரி. நாங்க இத்தன நாளா உம்மகிட்ட என்ன சொல்லிட்டு இருந்தோம்? சீமை உடைய எடுக்கணும்னு சொல்லல?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபமில்லை.

"அப்டி நீங்க ஒருநாளும் சொன்னதில்ல சார். உடைன்னுதான் சொல்லுவிய. மேடமும் அப்டித்தான். 'இந்த உடை பூராத் தண்ணியையும் உறிஞ்சுது சுடலமுத்து, இது போனாத்தான் நமக்கு விடிவு'ன்னு சொல்லுவாவ. சீமைங்கிற வார்த்தய இன்னைக்குத்தான் ஒங்க வாயால கேக்கேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த முள்மரம் வெளியிலிருந்து வந்தபோது நம் ஆட்கள் அதற்குச் சீமை உடை என்று பேர் வைத்தார்கள். அது குளத்திலும் கரையிலும் தரிசிலும் பெருகிவிட்ட பிறகு, பேச்சில் சீமை உதிர்ந்துவிட்டது. இப்போது உடை என்றால் எல்லோருக்கும் அதுதான். பழைய உடையை நாங்கள் எங்கேயும் பார்ப்பதில்லை, அதனால் தனியாகப் பேர் சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. மரத்தின் லத்தீன் பெயர் வரைக்கும் தெரிந்த அமலா மேடம்கூட வாய்ப்பேச்சில் சீமையை விட்டுவிட்டார். கூட்டங்களில் நாங்கள் உடை என்று எத்தனை தடவை சொன்னோம் என்று நான் எண்ணவில்லை. குழாயை எண்ணினேன், கப்பை எண்ணினேன், இதை எண்ணத் தோன்றவில்லை.

"ஒர்க் ஆர்டர் உம்மகிட்ட இருந்துதுல்லா? அதுல குடைவேல் மரங்கள் நாற்பத்தொன்றையும் தவிர்க்கணும்னு தெளிவா போட்டிருக்கே?"

"படிச்சேன் சார். படிச்சிட்டுக் கேட்டேன்."

"யாரக் கேட்டீரு?"

"வாட்ச்மேன் பரமசிவம் அண்ணாச்சிட்ட. இந்த ஊருக்காரவல்லா அவிய. குடைவேல்னா எது அண்ணாச்சின்னேன். 'அப்டி ஒரு மரம் இங்கன கெடையாது'ன்னுட்டாவ. இருந்தாலும் எனக்கு மனசு கேக்கல சார். நடுவுல நிக்கது பூரா தல தட்டையா வேற மாரி தெரிஞ்சுது. பொக்லைன பைய நிப்பாட்டிட்டு, அவியளக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். இது என்ன மரம் அண்ணாச்சின்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'இதாம்லே உடை'ன்னாவ."

சுடலைமுத்து வித்தியாசத்தைக் கண்டிருக்கிறார். வண்டியை நிறுத்தியிருக்கிறார். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கேட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பதிலும் சரியான பதில். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் மரங்களை எடுத்திருக்கிறார்.

பரமசிவத்தை வரச் சொன்னேன். வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு நின்றார்.

"ஆமா சொன்னேன். உடைய உடைன்னுதான சொல்லணும்? எங்கய்யா அப்டித்தான் சொன்னாரு, அவங்கய்யாவும் அப்டித்தான் சொன்னாரு. குடையாவது, வேலாவது! அது எந்த ஊர்ப் பேரு சார்? எங்கன இருந்து புடிச்சிய?"

"புஸ்தகத்துல இருக்கு அண்ணாச்சி."

"அப்பம் புஸ்தகத்தப் போய் அங்கன நிக்க வச்சிருக்கணும்."

சுடலைமுத்துவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வரவில்லை.

5. அகராதி

ரிப்போர்ட்டை ஆறு பக்கம் எழுதினேன். என் சர்வீசில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. உடை என்ற சொல் இந்த வட்டாரத்தில் இரண்டு மரங்களைக் குறிக்கிறது என்பதையும், ஆர்டரில் எழுதிய பெயரை இங்கே வாயால் யாரும் சொல்வதில்லை என்பதையும், சூப்பர்வைசர் சந்தேகம் வந்தபோது விசாரித்திருக்கிறார் என்பதையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். அமலா மேடம் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். "அந்த மனுஷன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சார். நானும்தான் உடைன்னு சொல்லிட்டு இருந்தேன். அத அப்டியே எழுதிட்டேன்" என்றார்.

பதிவாளர் முதல் பக்கத்தைப் படித்தார். மற்ற பக்கங்களை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"ரிப்போர்ட்டா வே இது? அகராதி எழுதிட்டு வந்திருக்கீரு."

"நடந்தது அதுதான் சார். ஆள் மேல தப்பு இல்ல, சொல்லுலதான் கோளாறு."

"சொல்ல டிஸ்மிஸ் பண்ண முடியுமா? ஆர்டர்ல குடைவேல விடணும்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். ஆனா அந்தப் பேர..."

"ஆர்டர எழுதினது நீரு. சரியா எழுதிருக்கீரு. ஒமக்கும் பிரச்சனை இல்ல, எனக்கும் பிரச்சனை இல்ல. சரியா எழுதினதத் தப்பாச் செஞ்சவன் யாரு? அவ்வளவுதான் கேள்வி."

"சனிக்கிழமை ஆரம்பிக்கச் சொன்னது..."

"நான் வாயால சொன்னேன். என்ன சொன்னேன்னு யாருக்குத் தெரியும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் ஏஜென்சி ஆளு வே. நம்ம ஆளுன்னா சார்ஜ் மெமோ, விளக்கம், அப்பீல்னு இழுக்கும். இவனுக்கு ஒரு போன் போதும். இத இத்தோட விடும்" என்றார்.

நான் விடவில்லை. துணைவேந்தரிடம் போனேன். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், மரங்களுக்காக வருத்தப்பட்டார். நான் திரும்பி என் அறைக்கு வருவதற்குள் ஏஜென்சிக்குப் போன் போய்விட்டிருந்தது.

சுடலைமுத்து அடையாள அட்டையையும் ஸ்டோர் சாவியையும் கொடுக்க வந்தார். மேற்கு நிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். நானும் கூடப் போனேன். மரங்களைத் துண்டு போட்டு விறகு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே கிடந்த ஒரு கொப்பை எடுத்தார்.

"இதுக்கும் அதுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

சொன்னேன். முள்ளையும் நெற்றையும் காட்டினேன். தலை எப்படித் தட்டையாக இருக்கும் என்று கையை விரித்துக் காட்டினேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. அவர் கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்?" என்றார்.

கமிட்டி வந்தது. வெட்டவெளியான மேற்கு நிலத்தையும் புதிதாக நட்ட வேப்பங்கன்றுகளையும் பார்த்தார்கள். அயல் முள்மரங்களை முற்றிலும் அகற்றிய வளாகம் என்று பாராட்டி எழுதினார்கள். நல்ல கிரேடு கிடைத்தது. லட்டு கொடுத்தார்கள். அமலா மேடம் லட்டை வாங்கி மேசையில் வைத்தார். எறும்பு மொய்க்கும் வரை அது அங்கேயே இருந்தது.

6. இப்போது சொல்வது

ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரிகளிலிருந்து யாராவது பசுமை வேலைக்கு யோசனை கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். காகிதத்தில் என்ன பெயர் எழுதினாலும் எழுதிக்கொள்ளுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன் வண்டி ஓட்டுகிறவரைக் கீழே இறக்கி, சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு, விட வேண்டிய ஒவ்வொரு மரத்தின் மேலும் அவர்கள் கையை வைக்கச் சொல்லுங்கள். இடுப்பு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடியுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அந்த மரத்தை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்களோ அதை ஆர்டரில் எழுதுங்கள். அந்தப் பெயரால் வேறு எதையும் கூப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். மரம் போவதற்குப் பல வருடம் முன்பே அதன் பெயர் போய்விடுகிறது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, மரம் நடும் விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அடுத்த கேள்விக்குப் போகிறார்கள்.

போன மாதம் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. செம்மணல் மேடான தேரியில் தட்டைத் தலையோடு ஒரு மரம். பின்னால் அதே மாதிரி இன்னும் நிறைய. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடலைமுத்து கூப்பிட்டார். ஆறு கடலில் சேருகிற புன்னக்காயலுக்குத் தெற்கே எங்கேயோ ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்திருக்கிறாராம். இடையில் பல மாதம் வேலையில்லாமல் இருந்ததைச் சொன்னார். மனைவி உப்பளத்துக்குப் போவதைச் சொன்னார். பிறகு கேட்டார்.

"சார், போட்டோவுல இருக்கது உடையா, சீமை உடையா?"

"உடை. நல்ல பழைய உடை வே."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். நெத்து சுருண்டிருக்கு. முள்ளு வெள்ள."

"எதுக்குக் கேக்கீரு?"

"இங்கன சோலார் பேனல் போடப் போறாவ சார். எடத்தச் சுத்தமாக்கித் தரணும். பூராத்தையும் எடுக்கச் சொல்லிருக்கு. நீங்க சொல்லுங்க சார். நான் முடியாதுன்னு சொல்லிரட்டுமா?"

அவர் முடியாது என்று சொன்னால் மறுநாள் வேறொருவர் சூப்பர்வைசராக வருவார். மரங்கள் எப்படியும் போகும். அவர் மனைவி உப்பளத்துக்குப் போவதும் நிற்காது.

"எடுத்துரும் வே" என்றேன். "வேலய விட்டுராதேயும்."

"சரி சார்" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.